தனிநாடு வேண்டாம், தன்னாட்சி போதும் என்று சொல்லியாகிவிட்டது. திபெத் விஷயத்தில் சீனா இன்னும் ஏன் அசையவில்லை?

மலைக்கோட்டை முரளி:
ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலாய் லாமா தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு 35 வருடத்துக்கு மேலாகிறது. 1988 ஜூனில் ஸ்ட்ராஸ்பர்க்கில் பேசும்போதே, வெளியுறவு பெய்ஜிங்கிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். 2008 அக்டோபர் 31 அன்று அவருடைய தூதர்கள் பெய்ஜிங்கில் ஒரு கோரிக்கை மனுவைக் கொடுத்தார்கள். அதைப் படித்துப் பார்த்தேன். மொத்தம் 11 விஷயங்கள்: மொழி, பண்பாடு, மதம், கல்வி, சுற்றுச்சூழல், இயற்கை வளம், பொருளாதாரமும் வணிகமும், பொதுச் சுகாதாரம், உள்ளூர்ச் சட்டம் ஒழுங்கு, வெளியிலிருந்து வந்து குடியேறுவதை முறைப்படுத்துவது, மற்ற நாடுகளோடு கல்வி, மதத் தொடர்பு. ராணுவமும் வெளியுறவும் பெய்ஜிங்குக்கே. இதில் பாதி சீன அரசியல் சட்டத்திலேயே ஏற்கெனவே இருக்கிறது என்றும் மனுவே காட்டுகிறது.

இருப்பதைக் கொடு என்று கேட்டதற்கு, "வேடம் போட்ட தனிநாடு" என்று பதில் வந்தது. எனக்கு இதுதான் பிடிபடவில்லை.

ராஜாமணி:
இதில் பிடிபட என்ன இருக்கிறது? இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்ற பயம். அங்கே நிஜமாகவே மடம்தான் பிரச்சினை!

வக்கீல் உமா:
பயம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட வேண்டாம் ராஜாமணி சார். அதிகாரம் அங்கே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் முரளியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சீனாவில் மாகாண அளவிலான தன்னாட்சிப் பகுதிகள் ஐந்து. திபெத் தன்னாட்சிப் பகுதி 1965 செப்டம்பரில் அமைந்தது. 1984இல் தனியாகத் தன்னாட்சிச் சட்டமே வந்தது. அந்தப் பகுதியின் அரசுத் தலைவர் அந்த இனத்தவராக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதன்படியே திபெத்தியர்தான் தலைவர். ஆனால் அவருக்கு மேலே கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முடிவு எடுப்பவர் அவர். அந்தப் பதவியில் இன்றுவரை ஒரு திபெத்தியர்கூட அமர்ந்ததில்லை. 1989 மார்ச்சில் திபெத்தின் தலைநகர் லாசாவில் ராணுவச் சட்டம் வந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் ஹூ ஜிந்தாவ். பிற்பாடு அவர் நாட்டின் அதிபரே ஆனார்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். தன்னாட்சிப் பகுதி தனக்கென ஒரு தன்னாட்சி விதித்தொகுப்பை இயற்றிக்கொள்ளலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 116ஆவது பிரிவு. ஆனால் பெய்ஜிங்கில் தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழு ஒப்புதல் கொடுத்தால்தான் அது செல்லும். மாவட்ட அளவிலும் அதற்குக் கீழேயும் உள்ள தன்னாட்சிப் பிரிவுகள் பல இப்படி விதித்தொகுப்பை வைத்திருக்கின்றன. ஐந்து பெரிய பகுதிகளில் ஒன்றுக்குக்கூடக் கிடையாது. திபெத்துக்கு மட்டும் இல்லை, உள்மங்கோலியாவுக்கும் இல்லை, குவாங்ஷிக்கும் இல்லை. 60 வருடமாக "தன்னாட்சி" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் எந்த அதிகாரம் உள்ளூருக்கு, எது மத்திய அரசுக்கு என்று பிரித்து எழுதிய காகிதமே கிடையாது.

அதனால் "இருப்பதைத்தானே கேட்டார்கள்" என்பது சரி. இருப்பதாக எழுதியிருப்பதை நிஜமாக்கு என்று கேட்டார்கள். கட்சிக்கு உறுத்துவது அதுதான்.

செங்கொடி பாலா:
வழக்கம்போல ஒரு பக்கத்துக் கதை ஓடுகிறது. 1959க்கு முந்திய திபெத் என்ன சொர்க்கமா? நிலமெல்லாம் அரசாங்கம், பிரபுக்கள், மடங்கள் கையில். குடியானவன் பிறக்கும்போதே எஜமானுக்குக் கட்டுப்பட்டவன். எஜமான் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. அன்றைக்குச் சராசரி ஆயுள் 35.5 வயது என்றும், இன்று 70ஐத் தாண்டிவிட்டது என்றும் சீன அரசு கணக்குச் சொல்கிறது. 2006இல் ரயில் லாசா வரை போய்விட்டது. சி.ஐ.ஏ. காசு கொடுத்து, ஆயுதம் கொடுத்து, அமெரிக்க மலைகளில் பயிற்சியும் கொடுத்ததுதான் சீன ஆட்சிக்கு எதிரான அந்தக் கலகம். மனித உரிமை பேசுகிறவர்கள் அந்தப் பண்ணையடிமைகளின் உரிமையையும் கொஞ்சம் பேசுங்கள்.

ராஜாமணி:
வந்துட்டாருய்யா தோழர்.

சரித்திர வாத்தியார்:
பாலா தம்பி சொன்னதில் தள்ள முடியாதவை இருக்கின்றன. கிண்டல் வேண்டாம். பழைய திபெத்தில் குடியானவன் நிலத்தோடு கட்டப்பட்டிருந்தான் என்பது உண்மை. அதற்குப் பண்ணையடிமை என்று பெயர் வைக்கலாமா என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டை. சி.ஐ.ஏ. விவகாரமும் உண்மை. கொலராடோவில் பயிற்சி நடந்தது. நேபாளத்தின் முஸ்தாங்கில் முகாம் இருந்தது. அமெரிக்காவுக்குச் சீனாவோடு உறவு தேவைப்பட்டதும் கைகழுவிவிட்டார்கள். 1974இல் முஸ்தாங் முகாமும் மூடப்பட்டது.

ஆனால் தம்பி, தலாய் லாமா தரப்பை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் தரப்பு ஆட்கள் இரண்டு பேர் சொன்னதை மட்டும் பார்ப்போம்.

முதல் ஆள் பத்தாவது பஞ்சன் லாமா. திபெத்திய பௌத்தத்தில் தலாய் லாமாவுக்கு அடுத்த இடம் பஞ்சன் லாமாவுக்கு. 1959இல் தலாய் லாமா இந்தியா வந்தபோது இவர் வரவில்லை. சீன அரசோடேயே இருந்தார், பதவியும் வகித்தார். திபெத்தியப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1962இல் சீனப் பிரதமர் சூ என்லாயிடம் ஒரு மனு கொடுத்தார். சீன எழுத்தில் அதன் நீளத்தை வைத்து "70,000 எழுத்து மனு" என்று பெயர். திபெத்தில் இருந்த 2,500க்கும் மேற்பட்ட மடங்களில் 70தான் மிச்சம், 1,10,000 துறவிகளில் சுமார் 7,000 பேர்தான் மடங்களில் இருக்கிறார்கள் என்று அதில் எழுதினார். சனங்கள் பட்டினியால் சாவதையும் எழுதினார். சோஷலிசம் வேண்டாம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. கட்சியின் கொள்கை சரி, அதைச் செய்யும் விதம் தப்பு என்ற தொனியில் போகிற மனு. மாவோ அதை நச்சு அம்பு என்றார். மனிதர் பதவி இழந்தார், கூட்டத்தில் நிறுத்தி வைத்து அவமானப்படுத்தப்பட்டார், 1977 வரை சிறையிலும் கிடந்தார்.

இரண்டாவது ஆள் புன்ட்சோக் வாங்யால். திபெத்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை ஆரம்பித்தவரே அவர்தான். 1951இல் சீனப் படையோடு லாசாவுக்குப் போனார். 1954–55இல் மாவோவும் இளம் தலாய் லாமாவும் பேசிக்கொண்டபோது நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர். இவரை விடவா ஒரு தோழர் வேண்டும்? உள்ளூர்த் தேசியவாதி என்று முத்திரை குத்தி 1960இல் பெய்ஜிங் சின்செங் சிறையில் போட்டார்கள். 18 வருடம், அதுவும் தனிமைச் சிறை. வெளியே வந்த பிறகும் அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. வயதான காலத்தில் ஹூ ஜிந்தாவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். தலாய் லாமாவோடு பேசி அவரைத் திரும்ப வரவழையுங்கள் என்றார். பிரிவினை எதிர்ப்பு என்ற பெயரில் வயிறு வளர்க்கும் அதிகாரிகள்தான் இதைக் கெடுக்கிறார்கள் என்றும் எழுதினார். 2014இல் பெய்ஜிங்கில் காலமானார்.

பண்ணையடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று முதலில் கிளம்பிய திபெத்தியரே தன்னாட்சி கேட்டதற்காக 18 வருடம் உள்ளே இருந்தார். பழைய சமூகம் மோசம் என்பது இதற்கு எப்படிப் பதிலாகும்?

செங்கொடி பாலா:
வாங்யால் விஷயத்தில் கட்சி செய்தது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் சீனா முழுக்கவே அப்படித்தான். ஆனால் அது பழைய கதை. 1980இல் கட்சிப் பொதுச்செயலாளர் ஹூ யாவ்பாங் லாசாவுக்கே நேரில் போய்த் தவறுகளைச் சரிசெய்யச் சொன்னாரே! அப்புறம் எத்தனையோ மாறிவிட்டது.

வக்கீல் உமா:
மாறியது உண்மை தோழர். 80களில் மடங்கள் திரும்பக் கட்டப்பட்டன, திபெத்திய மொழிக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது. அதே ஹூ யாவ்பாங் 1987இல் பதவியிலிருந்து தூக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பழைய கதை என்கிறீர்கள், புதிய கதையே சொல்கிறேன். தாஷி வாங்சுக் என்று யூஷு ஊரில் ஒரு கடைக்காரர். யூஷு சிங்ஹாய் மாகாணத்தில் இருக்கிறது. அவர் துறவி கிடையாது, கொடி பிடித்தவரும் கிடையாது. தன் ஊரில் பிள்ளைகள் திபெத்திய மொழியைச் சரியாகப் படிக்க வழியில்லை என்பதுதான் அவருடைய குறை. அரசியல் சட்டம் 4ஆவது பிரிவு ஒவ்வொரு இனத்துக்கும் தன் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் உரிமை தருகிறது அல்லவா, அதை வைத்து உள்ளூர் அதிகாரிகள் மேல் வழக்குப் போடலாம் என்று 2015இல் பெய்ஜிங் போனார். வழக்கை எடுக்க ஆள் இல்லை. அரசுத் தொலைக்காட்சியும் கண்டுகொள்ளவில்லை. கூடவே போன நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் அதை ஒரு சின்ன வீடியோவாக எடுத்தார். தனிநாடு கேட்கவில்லை என்று அவர் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

2016 ஜனவரியில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிரிவினையைத் தூண்டினார் என்று குற்றச்சாட்டு. 2018 ஜனவரியில் விசாரணை நடந்தது. நீதிமன்றத்தில் முக்கியச் சாட்சியமாக அந்த வீடியோவையே போட்டுக் காட்டினார்கள். மே மாதம் ஐந்து வருடத் தண்டனை. 2021 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக நினைத்தவர் குற்றவாளி ஆகிறார். நான் 22 வருடமாகக் கோர்ட்டுக்குப் போய் வருகிறேன், எங்கள் ஊர் நீதிமன்றங்களைப் பற்றி எனக்கும் மலையளவு புகார் உண்டு. ஆனாலும் ரிட் மனு போட வந்தவனையே பிடித்து உள்ளே வைப்பது வேறு ரகம்.

கிராமத்துப் பள்ளி ஆசிரியை:
மொழி பற்றிப் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். விடுதிப் பள்ளிகள் விஷயத்தை யாரும் தொடவில்லையே?

2023 பிப்ரவரியில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் மூன்று பேர் வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். சுமார் 10 லட்சம் திபெத்தியக் குழந்தைகள் வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்டு அரசு விடுதிப் பள்ளிகளில் படிக்கிறார்கள், அங்கே பாடம் நடப்பது சீன மொழியில் என்று. சீன அரசின் பதில்: மக்கள் அங்கங்கே சிதறி வாழும் இடம், பள்ளி தூரம், பெற்றோர் விரும்பித்தான் சேர்க்கிறார்கள். மலைப்பிரதேசத்தில் விடுதிப் பள்ளி தேவைதான், அதை நான் மறுக்க மாட்டேன். நம் பழங்குடிப் பகுதிகளிலும் உண்டு. ஆனால் பள்ளி தூரமாகப் போனது ஏன்? கிராமத்தில் இருந்த பள்ளியை மூடி, நகரத்துப் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். பிறகு தூரம் அதிகம், அதனால் விடுதி என்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளி இல்லாத ஊரில் பெற்றோர் "விரும்பி"ச் சேர்ப்பதற்கு என்ன அர்த்தம்?

2021 இலையுதிர் காலத்திலிருந்து, சிறுபான்மை இனங்கள் வாழும் பகுதிகளின் மழலையர் பள்ளிகளிலும் பொதுச் சீன மொழியில்தான் நடத்த வேண்டும் என்று கல்வி அமைச்சகம் உத்தரவு போட்டது. மூன்று நான்கு வயது! நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவள். அந்த வயதில் பிள்ளை ஒரு விஷயத்தை வீட்டுப் பேச்சில் சொல்லத் தெரிந்திருந்தால்தான் புத்தகத்தில் பார்த்ததும் பிடித்துக்கொள்ளும். வாரம் முழுக்க விடுதியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வரும் குழந்தை பாட்டியிடம் என்ன மொழியில் பேசும்? யாரையும் சிறையில் போடாமலே ஒரு தலைமுறையில் முடிந்துவிடும் காரியம் இது. மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குஷால்நகர் சேகர்:
நான் இந்தப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆற்றைத் தாண்டினால் பைலகுப்பே, கர்நாடகத்தில் திபெத்திய அகதிகளின் குடியிருப்பு. வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் திபெத்தியர்கள்தான். அரசியல் சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் கடைக்கு வரும் வயதான அம்மாக்கள் போனை எடுத்துக் காட்டுவார்கள். ஊரில் இருக்கும் தங்கச்சி, தங்கச்சி பேத்தி என்று வீசாட்டில் முகம் பார்ப்பார்கள். 2020 ஜூன் கடைசியில் நம் அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்ததே, அதில் வீசாட்டும் போய்விட்டது. எல்லைச் சண்டைக்கு நாம் எடுத்த நடவடிக்கையில் இவர்கள் வீட்டுப் பேச்சு அறுந்துபோனது. அந்தப் பக்கம் வேறு செயலி போட முடியாது, அங்கே அது குற்றம். அதற்கு முன்னாலும் பேசினது என்ன என்கிறீர்கள்? பார்லி விளைந்ததா, பனி எவ்வளவு, மாடு எப்படி இருக்கிறது. பெரியவர் பெயரை, அதாவது தலாய் லாமா பெயரை, யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் இவர்களுக்கு ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கதவைத் தட்டுவார்கள். ஒரு அம்மாவுக்குத் தம்பி இறந்தது பல மாதம் கழித்து நேபாளம் வழியாகத்தான் தெரிந்தது. "எங்களைக் கூப்பிடாதீர்கள்" என்று அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டார்களாம்.

புதிதாக வருகிறவர்களும் நின்றுபோய்விட்டார்கள். 2008க்கு முன்னால் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் பனிமலை தாண்டி நேபாளம் வழியாக வந்துகொண்டிருந்தார்கள், மடத்துப் பள்ளியில் புதுப் பையன்கள் நிறைந்திருப்பார்கள். இப்போது வருடத்துக்கு விரல்விட்டு எண்ணலாம்.

சரித்திர வாத்தியார்:
நாங்பா லா கணவாய் சம்பவம் ஞாபகம் வருகிறது. 2006 செப்டம்பர் 30. பனியில் வரிசையாக நடந்துபோன திபெத்தியர்கள் மேல் சீன எல்லைப் படை சுட்டது. 17 வயதுப் பெண் துறவி ஒருவர் இறந்தார். பக்கத்து மலையில் ஏற வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் அதைப் படம் பிடித்துவிட்டார்கள். முதலில் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது சீனா. படத்தில் முதுகைக் காட்டி நடந்துபோகிறார்கள்.

நிலா (தர்மசாலா ரிட்டர்ன்):
எல்லாரும் "தன்னாட்சி" என்ற இடத்திலேயே நிற்பது ஆச்சரியமாக இருக்கிறது. திபெத்திய இளைஞர்கள் பலரிடம் பேசிப் பாருங்கள், "ரங்சென்" என்பார்கள், முழு விடுதலை. 1970இல் தொடங்கிய திபெத்திய இளைஞர் காங்கிரஸ் இன்னும் அதைத்தான் சொல்கிறது. அவர்கள் கேட்கும் கேள்வி எளிமையானது: தனிநாடு வேண்டாம், தன்னாட்சி போதும் என்ற நடுவழிக் கொள்கை என்ன வாங்கிக் கொடுத்தது? 2002 முதல் 2010 ஜனவரி வரை ஒன்பது சுற்றுப் பேச்சு. கையில் கிடைத்தது பூஜ்ஜியம். அதற்குப் பிறகு முறையான பேச்சே இல்லை. 2009இலிருந்து 150க்கும் மேற்பட்ட திபெத்தியர்கள் தீக்குளித்தார்கள். பெய்ஜிங் அசைந்ததா?

இன்னொன்று. சீனாவோடு தன்னாட்சி ஒப்பந்தம் என்பது புதுசு இல்லை. 1951 மே 23இல் 17 அம்ச ஒப்பந்தம் போட்டார்கள். சீனப் படை ஏற்கெனவே கிழக்குத் திபெத்தின் சாம்தோவைப் பிடித்துவிட்ட நிலைமையில், பேசப்போன குழு பெய்ஜிங்கிலேயே செய்த முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டது. திபெத்தின் அரசியல் அமைப்பை மாற்ற மாட்டோம், தலாய் லாமாவின் நிலையை மாற்ற மாட்டோம், சீர்திருத்தத்தைத் திணிக்க மாட்டோம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எட்டு வருடம்கூடத் தாங்கவில்லை. ஹாங்காங்கிற்கு 50 வருடம் என்றார்கள், 2020இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூன்றாவது முறையும் அதே கடையில் கடன் கொடுக்கச் சொல்கிறீர்களா?

மலைக்கோட்டை முரளி:
நிலா, அந்த எட்டு வருடத்தில் என்னதான் நடந்தது? ஒப்பந்தம் 1951, கலகம் 1959. நடுவில்?

சரித்திர வாத்தியார்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் முரளியின் முதல் கேள்விக்கான மிச்சப் பாதி இருக்கிறது.

திபெத் என்றால் நம் மனதில் வரும் வரைபடம் வேறு, லாசா அரசு ஆண்ட பகுதி வேறு. கிழக்கே காம், வடகிழக்கே அம்தோ. அங்கே வாழ்பவர்களும் திபெத்தியர்கள்தான். ஆனால் அந்த இடங்களில் பெரும்பகுதி அன்றைக்கே சிச்சுவான், சிங்ஹாய், கான்சு, யுன்னான் மாகாணங்களின் கணக்கில். 17 அம்ச ஒப்பந்தம் லாசாவின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிக்கு மட்டும்தான் என்று சீனா எடுத்துக்கொண்டது. அதனால் லாசாவில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் காமிலும் அம்தோவிலும் 1955–56இலேயே நிலச் சீர்திருத்தத்தை இறக்கினார்கள். மடத்து நிலத்தையும் எடுத்தார்கள், மலையாட்களிடம் துப்பாக்கியையும் பிடுங்கப் பார்த்தார்கள். காம்பாக்காரனிடம் துப்பாக்கியைக் கேட்பது சாதாரண விஷயமா! சண்டை மூண்டது. 1956இல் லிதாங் மடத்தின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். தப்பி ஓடியவர்கள் எங்கே போவார்கள்? லாசாவுக்கு. ஆயிரக்கணக்கில் வந்து நகரைச் சுற்றிக் கூடாரம் போட்டார்கள், பார்த்ததைச் சொன்னார்கள். 1959 மார்ச் 10இல் தலாய் லாமாவைச் சீனப் படை முகாமுக்கு நாடகம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஜனம் நோர்புலிங்கா அரண்மனையைச் சுற்றிக் காவலுக்கு நின்றுவிட்டது. 17ஆம் தேதி இரவு அவர் மாறுவேடத்தில் வெளியேறினார். 31ஆம் தேதி தவாங் பக்கம் இந்திய எல்லைக்குள் வந்தார்.

ஒரே மக்களைக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒப்பந்தம், மறு பாதிக்குத் துப்பாக்கி என்று நடத்தியதுதான் ஒப்பந்தத்தைக் கொன்றது. 2008 மனுவிலும் பெய்ஜிங்குக்கு மிகவும் கசந்தது இதுவே. எல்லாத் திபெத்தியப் பகுதிகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவாருங்கள் என்று மனு கேட்டது. "பெரிய திபெத்" என்று கூச்சல் போட்டார்கள்.

வக்கீல் உமா:
வாத்தியார் சொன்னதோடு எண்ணிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பில் சீனாவில் திபெத்தியர்கள் சுமார் 70 லட்சம். திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் இருப்பவர்கள் 31 லட்சத்துச் சொச்சம். பாதிக்கு மேல் வெளியே. தாஷி வாங்சுக்கின் யூஷுவும் வெளியேதான். 1962 மனு எழுதிய பஞ்சன் லாமா பிறந்ததும் வெளியேதான், இன்றைய தலாய் லாமா பிறந்த தக்ட்செரும் அப்படியே. "திபெத்" என்று பெய்ஜிங் சொல்லும்போது இவர்கள் யாரும் அதில் இல்லை.

நிலாவின் கோபம் புரிகிறது. ஆனால் தனிநாடு என்று கேட்டால் பக்கத்தில் நிற்க எந்த அரசும் தயாராக இல்லையே? ஐ.நா. பொதுச்சபை 1959, 1961, 1965 என மூன்று தீர்மானங்கள் போட்டது. 1961 தீர்மானத்தில் சுயநிர்ணய உரிமை என்ற சொல்கூட இருக்கிறது. 1971இல் சீன மக்கள் குடியரசு ஐ.நா.வுக்குள் வந்ததோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

ராஜாமணி:
இந்தியா நின்றதே! தஞ்சம் கொடுத்தது யார்? நிலம் கொடுத்தது யார்?

நிலா (தர்மசாலா ரிட்டர்ன்):
தஞ்சம் கொடுத்தது, நன்றி மறக்க முடியாது. கர்நாடகத்தில் நிஜலிங்கப்பா ஆட்சியில் நிலம் கொடுத்ததைத் திபெத்தியர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் 2003இல் வாஜ்பாய் பெய்ஜிங் போனபோது, திபெத் தன்னாட்சிப் பகுதி சீனாவின் பகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். 2019 அக்டோபரில் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது என்ன நடந்தது? அவர் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பே சென்னையில் படித்துக்கொண்டிருந்த திபெத்திய மாணவர்களைப் பிடித்தார்கள். கவிஞர் டென்சின் சுண்டூவை விழுப்புரம் மாவட்டத்தில் கைது செய்தார்கள். சென்னையிலேயே கல்லூரி படித்த மனிதர் அவர். ஐந்து ரதங்கள் முன்னால் மோடியும் ஷியும் இளநீர் குடிக்கும் படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

ராஜாமணி:
வேறு நாட்டுத் தலைவர் வரும்போது பாதுகாப்பு பார்க்காமல் இருக்க முடியுமா? போராட்டம் வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்.

குஷால்நகர் சேகர்:
ராஜாமணி அண்ணே, இவர்கள் கையில் இருப்பது ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழ். வெளிநாட்டவர் என்று போட்டிருக்கும். இங்கேயே பிறந்து, நம்மைவிட நல்லாக் கன்னடம் பேசுகிற பையனுக்கும் அதே காகிதம். காலம் முடிவதற்குள் புதுப்பித்தாக வேண்டும். போராட்டத்தில் கைதானால் முதலில் பயப்படுவது அதை நினைத்துத்தான். சுவெட்டர் விற்கப் பனிக்காலத்தில் வெளியூர் போகிறவர்கள் அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வைத்திருப்பார்கள். கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். 1950 முதல் 1987 ஜூன் முடிய இங்கே பிறந்தவர்களுக்குச் சட்டப்படி குடியுரிமை உண்டு, டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் வாங்க மாட்டேன் என்கிறார்கள், வாங்கிவிட்டால் திரும்பிப் போகும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று. பாதிப் பேர் கனடா, அமெரிக்கா, பிரான்ஸ் என்று கிளம்பிவிட்டார்கள். சில வீடுகளில் கிழவன் கிழவி மட்டும்.

செங்கொடி பாலா:
ஒரு விஷயம் கேட்கிறேன், விதண்டாவாதம் இல்லை. தலாய் லாமாவுக்கு 2025 ஜூலையில் 90 ஆகிவிட்டது. அடுத்த தலாய் லாமாவாக மறுபிறவி எடுத்த குழந்தையைத் தேடுவதில் சீன அரசாங்கம் தலையிடுகிறது என்று பலரும் புலம்புகிறார்கள். சரி. மறுபிறவி மூலம் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் மனித உரிமைக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்?

வக்கீல் உமா:
நல்ல கேள்வி. அரசியல் அதிகாரத்தை 2011இலேயே அவர் விட்டுவிட்டார். நாடுகடந்த நிர்வாகத்தின் தலைவரைத் திபெத்தியர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். லாசாவில் இருப்பவர்களுக்கு அந்த ஓட்டு கிடையாது.

வேடிக்கை எந்தப் பக்கம் என்று பாருங்கள். கடவுள் இல்லை என்ற கொள்கை உள்ள கட்சி 2007இல் ஒரு உத்தரவு போட்டது: அரசு அனுமதி இல்லாமல் யாரும் மறுபிறவி எடுக்கக் கூடாது, அதாவது எடுத்ததாக அங்கீகரிக்கக் கூடாது. மடத்துக்கு அதில் நம்பிக்கை, சரி. கட்சிக்கு அதில் என்ன வேலை? தலாய் லாமா 2025 ஜூலை 2இல், இந்த மரபு தொடரும், அடுத்தவரை அங்கீகரிக்கும் பொறுப்பு தன்னுடைய காதென் போட்ராங் அறக்கட்டளைக்கே என்று அறிவித்துவிட்டார். இரண்டு தலாய் லாமாக்கள் வரப்போகிறார்கள் என்று இப்போதே எழுதிவைத்துக்கொள்ளலாம்.

ஒத்திகை ஏற்கெனவே நடந்தாகிவிட்டது. 1995 மே 14இல் கெதுன் சோக்யி நியிமா என்ற ஆறு வயதுப் பையனைப் பதினோராவது பஞ்சன் லாமாவாகத் தலாய் லாமா அறிவித்தார். மூன்று நாளில் சீன அதிகாரிகள் அவனைக் குடும்பத்தோடு கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து வெளியார் யாரும் பார்த்ததில்லை. வேறு ஒரு பையனைப் பஞ்சன் லாமா ஆக்கினார்கள். நியிமா படித்து முடித்துவிட்டார், வேலையில் இருக்கிறார், தொந்தரவை விரும்பவில்லை என்று 2020இல் சீன வெளியுறவுத் துறை சொன்னது. மறுபிறவியை நம்ப வேண்டாம் தோழர். ஆறு வயதில் காணாமல் போன ஒரு பையன் எங்கே என்று கேட்பதற்கு நம்பிக்கை தேவையில்லையே?

செங்கொடி பாலா:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

மலைக்கோட்டை முரளி:
அப்படியானால் இப்போது உருப்படியாக எதைக் கேட்பது? தனிநாடு நடக்காது, பேச்சுவார்த்தை நின்றுவிட்டது, தலாய் லாமாவுக்கு வயதாகிவிட்டது.

வக்கீல் உமா:
என் யோசனை இது, யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தே சொல்கிறேன். தலாய் லாமாவோடு பேசுவதற்கே பெய்ஜிங்குக்குக் கசக்கிறது என்றால் பேசவே வேண்டாம். 116ஆவது பிரிவின்படி திபெத் தன்னாட்சிப் பகுதிக்கு ஒரு விதித்தொகுப்பை நிறைவேற்றிக் காட்டட்டும். பள்ளியில் எந்த மொழி, மடத்தில் யாருக்கு அதிகாரம், ஆற்றில் அணை கட்ட யாரைக் கேட்க வேண்டும் என்று எழுத்தில் வைக்கட்டும். 2024 பிப்ரவரியில் டெர்கேயில் காம்தோக் அணைக்கு எதிராகத் துறவிகளும் ஊராரும் தெருவில் மண்டியிட்டுக் கெஞ்சியபோது நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள். பழைய சுவரோவியங்கள் உள்ள மடமும் பல கிராமங்களும் மூழ்கிவிடும் என்பதுதான் அவர்கள் சொன்னது. அதைச் சொல்ல ஒரு சட்ட வழி இருந்திருந்தால் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள். டெர்கே சிச்சுவானில் இருக்கிறது, அங்கே இருப்பது மாவட்ட அளவுத் தன்னாட்சி. விதித்தொகுப்பு இருக்கும் இடத்திலேயே கதி இது என்று நிலா என்னை மடக்கலாம்.

நிலா (தர்மசாலா ரிட்டர்ன்):
மடக்கத்தான் வந்தேன் அக்கா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். எழுத்தில் வைப்பதெல்லாம் சரி. மீறினால் கேட்க ஒரு நீதிமன்றம் வேண்டும். கட்சிக்கு மேலே நீதிமன்றம் உள்ள சீனா வந்தால், அன்றைக்குத் தன்னாட்சி போதும் என்று சொல்லும் முதல் ஆள் நானாக இருப்பேன். அது வரைக்கும் ரங்சென்தான்.

செங்கொடி பாலா:
உமா சொன்ன விதித்தொகுப்புக் கோரிக்கையை நான்கூட ஆதரிப்பேன். சீனச் சட்டத்தைச் சீனா அமல்படுத்தச் சொல்வது ஏகாதிபத்தியச் சதி ஆகிவிடாது. ஆனால் அமெரிக்கா 2024 ஜூலையில் போட்ட திபெத் சட்டத்தைக் கொண்டுவந்து யாரும் இங்கே கைதட்ட வேண்டாம். முஸ்தாங்கில் கைகழுவியவர்கள்தானே?

சரித்திர வாத்தியார்:
அதில் தம்பியும் நானும் ஒரே கட்சி.